இரண்டு தனுத்தாக்களும் அக்டோபர் ஒன்றாம் தேதியும்

செஹானூஃபில் எங்கள் கட்டட வாசலில் நின்று யாராவது "தன்கா!" என்று கத்தினால் மூன்று ஜன்னல்கள் திறக்கும். கீழ்த்தளத்தில் தபாலாபீஸ் தனுத்தா, இரண்டாம் மாடியில் தனுத்தா லிப்ஸ்கா, மூன்றாம் மாடியில் நான். தனுத்தாவைச் சுருக்கினால் தன்கா. நான் படித்த வகுப்பில் டீச்சர் தனுத்தா என்று கூப்பிட்டால் பாதி பெஞ்சு எழுந்து நிற்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் பெண் பெற்றவர்களுக்கு வேறு பெயரே தோன்றவில்லையோ என்னவோ, ஊரே ஒரே துணியில் சட்டை தைத்து மாட்டிக்கொண்ட மாதிரி. எனக்கு அதை நினைத்தாலே எரிச்சல்.

இத்தனைக்கும் அது எங்கள் பெயரே இல்லை. அறுநூறு வருஷத்துக்கு முன்னால் லித்துவேனியப் பிரபு ஒருவரின் மகள் எங்கள் மசோவியச் சீமைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். அவளோடு வந்த பெயர் இது. வந்தவளின் தலையில் தண்ணீர் ஊற்றி அன்னா என்று மாற்றிவிட்டார்கள். அர்த்தம் கேட்டால் ஒருவர் கொடை என்பார், இன்னொருவர் யாருக்குத் தெரியும் என்பார். இந்தப் பெயரில் சொல்லிக்கொள்ள ஒரு புனிதர் கிடையாது. எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியார் முகத்தைச் சுளித்துக்கொண்டு கூடவே ஒரு அன்னாவையும் சேர்த்துவிட்டாராம். புனிதர் இல்லாத பெயருக்குத் திருநாள் ஏது? காலண்டர் அச்சடிக்கிறவர்கள் ஜூன் இருபத்துநாலில் ஒன்று, அக்டோபர் ஒன்றில் ஒன்று, பதினாறில் ஒன்று என்று இடம் கிடைத்த இடத்தில் செருகிவைத்தார்கள். ஒவ்வொரு தனுத்தாவும் தனக்கு வேண்டிய நாளைப் பொறுக்கிக்கொள்ள வேண்டியதுதான். நான் அக்டோபர் பதினாறு.

எங்களுக்குப் பிறந்தநாள் என்பது குழந்தைகளுக்கு. வளர்ந்தவர்களுக்கு, காலண்டரில் தங்கள் பெயர் வருகிற பெயர்நாள்தான் நாள். அதற்கு யாரையும் அழைக்கிற வழக்கம் இல்லை. தெரிந்தவர்கள் பூவும் கேக்கும் எடுத்துக்கொண்டு தாங்களாக வருவார்கள். வந்தவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. மேஜை நிறைந்திருக்க வேண்டும். வெறும் மேஜையோடு விருந்தாளியிடம் மாட்டிக்கொள்கிற அவமானம் எதிரிக்கும் வரக் கூடாது.

இரண்டாம் மாடி தன்கா பால் ஆலையில் தயிர்க்கட்டிப் பிரிவில் வேலை பார்த்தாள். எவ்வளவு சோப்பு போட்டாலும் அவள் கையில் மோர்த்தண்ணீர் வாசனை போகாது. சிறு வயதில் அவளுக்கு அக்டோபர் ஒன்று. எட்டுப் பிள்ளைகள் இருந்த அந்த வீட்டில் அவள் அம்மா அன்றைக்கு மட்டும் அவளுக்கென்று பிளம் பழக் கேக் சுட்டு, முதல் துண்டை அவள் தட்டில் வைப்பாளாம். "அன்னிக்கு ஒரு நாள் நான் எட்டுல ஒண்ணு இல்ல, மூணாம்மாடி" என்று அவள் என்னிடம் சொல்லியிருக்கிறாள். என்னை அவள் மூணாம்மாடி என்றுதான் கூப்பிடுவாள், பெயர் ஒன்றாக இருக்கிற கொடுமைக்கு வேறென்ன செய்வது.

அந்த நாளைத்தான் அவளிடமிருந்து ஸெனோன் பிடுங்கினான்.

ஸெனோன் லிப்ஸ்கி அவள் கணவன். குடும்பப் பெயர் ஆணுக்கு லிப்ஸ்கி, பெண்ணுக்கு லிப்ஸ்கா. பஸ் டிரைவர். தண்ணீர் தொட்டுப் படிய வாரிய தலை, பார்க்கிற பெண்களின் கையையெல்லாம் பிடித்து இழுத்து முத்தமிடுகிற வாய். எங்கள் ஊரில் அது மரியாதை. மற்றவர்கள் உதட்டைக் காற்றில் வைத்துவிட்டு நிமிர்வார்கள். இவன் நிஜமாகவே ஈரம் பண்ணிவிட்டுத்தான் விடுவான். மாடிப்படியில் இவன் வருகிற சத்தம் கேட்டால் நான் கையை ஏப்ரனுக்குள் ஒளித்துக்கொள்வேன்.

கல்யாணமான முதல் வருஷமே சொன்னானாம்: "இத பாரு தன்கா, அக்டோபர்ல சர்க்கரைக்கிழங்கு சீசன். சர்க்கரை ஆலைக்கு ஆள் ஏத்தற கூடுதல் ட்ரிப். நான் வீட்லயே இருக்க மாட்டேன். அப்பா பேர் யான், அவர் நாள் ஜூன் இருபத்துநாலு. உன் பேரும் அன்னிக்குக் காலண்டர்ல இருக்கு. ரெண்டையும் ஒண்ணா வெச்சுக்கலாம். உனக்கும் வேலை மிச்சம்."

வேலை மிச்சமாம்! மாமனார் யானின் கூட்டாளிகள் பன்னிரண்டு கிழவர்கள் வருவார்கள். தன்கா இரண்டு நாள் லீவு போட்டு பன்றிக்கால் வேகவைத்து ஜெல்லி உறைய வைப்பாள், ஹெர்ரிங் மீனை எண்ணெயில் ஊறப் போடுவாள், உருளைக்கிழங்கும் கேரட்டும் நறுக்கி மயோனெய்ஸில் பிசைவாள். கேக்கின் மேல் கிரீமில் பெரிய எழுத்தில் யான். கிரீம் மிச்சம் இருந்தால் ஓரத்தில் தனுத்தா. வந்தவர்கள் வோட்கா குடித்து, தரையில் சாம்பலைத் தட்டி, அவள் கன்னத்தைக் கிள்ளி, "அட, உனக்கும் இன்னிக்குத்தானா?" என்று ஒவ்வொரு வருஷமும் புதிதாக ஆச்சரியப்படுவார்கள். ஒருவர் கட்டாயம் குளியல் தொட்டியில் வாந்தி எடுப்பார். அதை அவள் முட்டி போட்டுத் தேய்ப்பதை நானே பார்த்திருக்கிறேன். கருமம், கருமம். இப்படியே இருபது வருஷம்.

"உன் நாளைத் திருப்பிக் கேளேண்டி" என்பேன்.

"போகட்டும் விடு. நவம்பர்ல அந்தப் பூவைக் கொண்டுவராரே, அது போதும்" என்பாள்.

அது என்ன பூ என்றால், நவம்பர் ஒன்று எங்களுக்குக் கல்லறை நாள். ஊரே கல்லறைகளில் விளக்கேற்றும். ஆறு வருஷமாக ஸெனோன் அன்றைக்கு யாரும் கேட்காமலே வெள்ளைச் செவ்வந்தித் தொட்டி ஒன்றும் கண்ணாடி விளக்கு ஒன்றும் கொண்டுவந்து தருவான். தன்கா அதைத் தன் அம்மாவின் கல்லறையில் வைப்பாள். கேக் சுட்டுத் தந்த அம்மாவை அவன் நினைவில் வைத்திருக்கிறான் என்று அவளுக்குக் கண் கலங்கும். மற்றதையெல்லாம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தது அந்த ஒரு தொட்டிக்காகத்தான்.

எழுபத்தேழாம் வருஷம் அக்டோபர் ஒன்று, சனிக்கிழமை. மதியம் தாண்டி தன்கா மூச்சிரைக்க என் கதவைத் தட்டினாள்.

"மூணாம்மாடி, வீட்ல மீன் இருக்கா? ஹாம் இருக்கா? எதாவது குடு. விருந்தாளி வந்திருக்காங்க!"

"யாருக்கு?"

"எனக்குத்தான்! பேர்நாளாம்!"

ஒரு கிண்ணம் ஹெர்ரிங்கோடு கீழே ஓடினேன். ஸெனோனின் பஸ் டிப்போவில் புதிதாகச் சேர்ந்திருந்த மியெதெக் என்ற டிரைவரும் அவன் மனைவியும் நின்றுகொண்டிருந்தார்கள். அவன் கழுத்தில் டை, அவள் கையில் செலஃபேன் சுற்றிய சிவப்புக் கார்னேஷன், கூடவே ஒரு கேக் பெட்டி. எல்லா வீட்டிலும் போல வாசலில் விருந்தாளிகளுக்கென்று ஒரு கூடையில் கம்பளிச் செருப்புகள் கிடந்தன. அதைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். மேஜையில் தயிர்க்கட்டியும் பாதி ரொட்டியும் மட்டும். தன்காவின் முகம் நெருப்பாய் எரிந்தது.

"மன்னிச்சுக்குங்க, இன்னிக்குன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"ஸெனோன் அண்ணன்தான், பானி தன்கா" என்றான் மியெதெக். மரியாதைப்பட்ட பெண்ணைப் பானி என்போம், ஆணைப் பான் என்போம். "காலைல டிப்போல எல்லாருக்கும் டோனட் குடுத்தாரே. 'இன்னிக்கு என் தனூஷாவுக்குப் பேர்நாள்'னு. வருஷா வருஷம் குடுப்பாராம். பழைய டிரைவருங்க எல்லாம் ஒரே சிரிப்பு, நான் ஏன்னு கேக்கல. புதுசா சேந்தவன், மரியாதைக்குப் போய்ப் பாக்கலாமேன்னு..."

தனூஷா என்பது தனுத்தாவைக் கொஞ்சிக் கூப்பிடுவது, தன்காவை ஸெனோன் அப்படி ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. தன்கா கெட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இப்ப அவர் எங்க?"

"இன்னும் வரலையா? என் வண்டிலதான் புல்துஸ்க் வந்தாரு. ஒரு காபி செட்டு மடில வெச்சுக்கிட்டு. சந்தைச் சதுக்கத்துல செருப்புத் தைக்கிற கடைக்கு மேல, பச்சைக் கதவு. உள்ள போனவரு திரும்பி வரவே..."

அவன் மனைவி மேஜைக்கு அடியில் அவன் காலை மிதித்தது எனக்கே கேட்டது. அவன் வாயில் ரொட்டியோடு நிறுத்திவிட்டான். பாவம், நல்ல மனுஷன். காது வரை சிவந்துபோனான்.

புல்துஸ்க் என்றால் ஸெனோன் வாரத்தில் மூன்று ராத்திரி தங்குகிற ஊர். டிரைவர் விடுதியில், மூட்டைப்பூச்சிக் கட்டிலில் தூங்குவதாகப் புலம்புவான். தன்கா அவனுக்கு இடுப்பில் தைலம் தேய்த்துவிடுவாள்.

தன்கா வெட்டாத கேக்கை மறுபடி பெட்டிக்குள் வைத்தாள். கார்னேஷனை எடுத்துத் தண்ணீரை உதறினாள். கோட்டை மாட்டினாள்.

"எங்கடி?" என்றேன்.

"பேர்நாளுக்கு. அழைப்பா வேணும்? கெளம்பு."

பஸ்ஸில் கேக்கை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள். ரோட்டோரம் முழுக்க சர்க்கரைக்கிழங்குக் குவியல்கள். நான்தான் வழியெல்லாம் பொரிந்து தள்ளினேன். அந்தப் புல்துஸ்க்காரி எப்படி இருப்பாள் என்று எனக்குள் ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. சாயம் போட்ட முடி, வலைக் காலுறை, உதட்டில் அரை இன்ச் சிவப்பு. பார்த்ததும் அந்த முடியைப் பிடிப்பதென்று முடிவே செய்துவிட்டேன்.

கதவைத் திறந்தவள் எங்களைப் போலவே ஒரு குண்டுப் பெண்பிள்ளை. ஏப்ரன், விரலில் மயோனெய்ஸ், முன்நெற்றியில் வியர்வை. பாலர் பள்ளியில் சமையல்காரி என்று பிறகு தெரிந்தது.

"பேர்நாளுக்கு வந்தோம்" என்றாள் தன்கா.

"ஐயோ, வாங்க வாங்க! கோட்டை இப்படிக் குடுங்க. ஸெனோன் கூட வேலை பாக்கறவங்க வீட்டம்மாங்களா? ஸெனோன், யாரு வந்திருக்காங்க பாரு!"

உள்ளே பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர். மேஜை நிறைய சாப்பாடு, அதே ஹெர்ரிங், அதே ஜெல்லி. மேஜையின் தலைப்பக்கம் ஸெனோன், சட்டைப் பொத்தான் கழற்றி, முள்கரண்டியில் ஜெல்லி ஆட. காலில் பழுப்புக் கட்டம் போட்ட வீட்டுச் செருப்பு. எனக்கு அந்தச் செருப்பைத் தெரியும். போன குளிர்காலம் வரிசையில் நின்று ஒரே மாதிரி இரண்டு ஜோடி வாங்கினான். ஒன்று அப்பாவுக்கு என்றான்.

பேயறைந்தவன் போல எழுந்தான். அப்புறம் செய்தானே ஒரு காரியம்! பெண் விருந்தாளி உள்ளே வந்தால் கையைப் பிடித்து முத்தமிட்டுப் பழகின உடம்பு அது. மூளை உறைந்துபோன அந்த நேரத்திலும் உடம்பு தானாகக் குனிந்தது. ஜெல்லி ஒட்டிய உதட்டோடு தன் பெண்டாட்டி கையையே முத்தமிட்டான்.

த்தூ!

தன்கா கையைக் கோட்டில் துடைத்தாள். அப்புறம் வீட்டுக்காரியைப் பார்த்தாள்.

"எனக்கும் தனுத்தாதான் பேரு. தனுத்தா லிப்ஸ்கா, செஹானூஃப்ல இருந்து."

"லிப்ஸ்காவா? ஸெனோனுக்கு உறவா?"

"பொண்டாட்டி."

தனூஷா எங்களை மாறி மாறிப் பார்த்தாள். "அவர் பொண்டாட்டி தவறிட்டாங்களே" என்றாள் மெதுவாக, தன்காவுக்குத் தெரியாத சாவுச் செய்தியைப் பக்குவமாகச் சொல்கிற மாதிரி. "நான்தானே வருஷா வருஷம் அவங்க கல்லறைக்கு வெள்ளைச் செவ்வந்தி குடுத்து விடறேன்?"

தன்கா நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தாள்.

"தொட்டிலயா?"

"ஆமா, தொட்டில. ஒரு விளக்கும்."

"நல்ல பூ" என்றாள் தன்கா. "நானேதான் எடுத்துட்டுப் போய் வெப்பேன்."

பக்கத்து வீட்டுப் பெண்களில் ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. உயிரோடு இருப்பவளுக்குக் கல்லறைப் பூ வாங்கி, அதை அவள் கையிலேயே கொடுத்து, அவள் கண் கலங்குவதை வேறு பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான்! மனுஷனா இவன்?

"தன்கா, கேளு, நான் சொல்றேன்..." என்று ஆரம்பித்தான்.

"வாயைத் தொறந்தே, இந்த ஜெல்லியைத் தட்டோட உன் தலைல கவுத்துடுவேன்" என்றேன். சும்மா சொல்லவில்லை, தட்டு என் கையில் இருந்தது.

தன்கா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "பானி தனூஷா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அக்டோபர் ஒண்ணு உங்க நாள்தானா? சின்னதுலேருந்தே?"

"இல்லையே" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எனக்கு எப்பவும் ஜூன் இருபத்துநாலுதான். நரேவ் ஆத்துல பொண்ணுங்க பூமாலை மிதக்க விடுவோமே, அதுக்கு மறுநாள். எங்கப்பா தோள்ல தூக்கிட்டுப் போவாரு. இவர்தான், ஜூன்ல ஸ்கூல் லீவு ஆரம்பிக்குது, கூடுதல் ட்ரிப், என்னால வரவே முடியாது, அக்டோபருக்கு மாத்திக்கோன்னு..."

தன்கா சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை, நல்ல சிரிப்பும் இல்லை.

"எங்கிட்ட அக்டோபர்ல கூடுதல் ட்ரிப்னான்" என்றாள். "என் நாளை எடுத்து உங்களுக்குக் குடுத்துட்டு, உங்க நாளை எடுத்து எனக்குக் குடுத்திருக்கான். ரெண்டு பேர்கிட்டயும் பிடுங்கினதைத்தான் ரெண்டு பேருக்கும் பரிசாக் குடுத்திருக்கான்."

தனூஷாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் அழுகை நின்றது. ஸெனோன் பக்கம் திரும்பினாள்.

"அந்தச் செருப்பைக் கழட்டு."

"தனூஷா..."

"கழட்டுன்னேன். நான் காசு குடுத்து நீ வரிசைல நின்னு வாங்கினது. கழட்டி வெச்சுட்டு உன் ஷூவைப் போட்டுக்கிட்டுப் போ."

அவன் குனிந்து ஷூ நாடாவைக் கட்டினான். ஒரு காலுறையில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. பானை வயிறு மடங்கி மூச்சுத் திணறினான். இந்த அற்பத்துக்காகவா இரண்டு பெண்கள் இருபது வருஷமும் ஆறு வருஷமும் ஜெல்லி காய்ச்சினார்கள்!

கதவு சாத்தியதும் தன்கா கேக் பெட்டியைத் திறந்தாள்.

"இது எனக்கு வந்த கேக். என் நாள்ல, என்னைத் தேடி வந்தது. என் வீட்டு மேஜைல ஒண்ணும் இல்ல. இங்க வெட்டலாமா?"

தனூஷா கத்தி கொண்டுவந்தாள். முதல் துண்டைத் தன்காவின் தட்டில் வைத்தாள். எட்டுப் பிள்ளைகள் கதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை, தானாகவே வைத்தாள். தன்கா அதைத் தின்று முடித்த பிறகுதான் அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே இரண்டாவது துண்டும் தின்றாள்.

மறுநாள் ஸெனோனின் பெட்டி டிப்போ வாசலில் இருந்தது. அவன் போய்ச் சேர்ந்த இடம் புல்துஸ்க் டிரைவர் விடுதி. மூட்டைப்பூச்சிக் கட்டில் நிஜமாகவே இருந்ததாம், மியெதெக் சொன்னான். அடுத்த வருஷம் ஜூன் இருபத்துநாலில் யான் கிழவரும் அவர் பட்டாளமும் வழக்கம் போல வந்து பூட்டிய கதவைத் தட்டோ தட்டென்று தட்டினார்கள். தன்காவும் நானும் அன்றைக்கு நரேவ் கரையில் தனூஷாவின் மேஜையில் உட்கார்ந்து ஹெர்ரிங் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

அந்த வருஷ அக்டோபர் ஒன்றுக்குத் தன்கா மூன்று பிளம் கேக் சுட்டாள். பால் ஆலைப் பெண்கள் வந்தார்கள், மியெதெக்கும் மனைவியும் வந்தார்கள், தபாலாபீஸ் தனுத்தா வந்தாள், புல்துஸ்க்கிலிருந்து தனூஷா ஒரு பானை ஜெல்லியோடு வந்தாள். நாலு தனுத்தாக்களும் ஒரே அறையில் இருந்தோம். யாராவது பெயர் சொன்னால் நாலு தலை திரும்பி, அதற்கே சிரித்துச் சிரித்து ஓய்ந்தோம்.

மணி அடித்தது. தன்கா போய்த் திறந்தாள். வாசலில் ஸெனோன். படிய வாரிய தலை, கையில் மூன்று கார்னேஷன்.

வெட்கங்கெட்டவன், வழக்கத்தை நம்பி வந்திருக்கிறான். பெயர்நாளுக்கு வந்தவனை யாரும் வாசலோடு அனுப்ப முடியாது என்று தெரிந்துதானே வந்தான்! நான் எழுந்தே விட்டேன். தன்கா கையைக் காட்டி என்னை உட்காரச் சொன்னாள்.

"உள்ள வாங்க, பான் லிப்ஸ்கி" என்றாள். பூவை வாங்கிக்கொண்டாள். கையை நீட்டவில்லை.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. ஷூவைக் கழற்றிவிட்டு, பழக்கத்தில் அலமாரியின் அடியில் காலை விட்டுத் துழாவினான். கட்டம் போட்ட ஜோடி எப்போதும் இருக்கும் இடம் அதுதான். கால் இங்கும் அங்கும் தேடியது. அங்கே ஒன்றும் இல்லை.

தன்கா குனிந்து, கூடையிலிருந்து விருந்தாளிகளுக்கான கம்பளிச் செருப்பை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.